வரவு

கையிலிருக்கும் மிஷின்
மாலை ஆறரைக்கு ஒரே கேள்வி கேட்கும்:
இன்றைய வரவு?
பூஜ்யம் என்று தட்டினால்
'காரணம்' என்று கீழே ஒரு பெட்டி திறக்கும்.
வீடு பூட்டியிருந்தது.
ஆள் ஊரில் இல்லை.
அடுத்த வாரம் என்றார்.
இதில் ஒன்றைத் தொடலாம்.
வேறெதையும் எழுத அதில் இடமில்லை.

ஆகவே இங்கே எழுதுகிறேன்.

கொடுங்கையூர், எழில் நகர்.
குட்டியானை வண்டிக்கு மூன்று தவணை பாக்கி.
வண்டி வாசலில்தான் நிற்கிறது,
முன்சக்கரம் ஒன்று இல்லாமல்,
செங்கல் அடுக்கின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.
ஹம்சவேணி என்னைப் பார்த்ததும்
மற்றவர்களைப் போல உள்ளே போய்விடவில்லை.
"வாங்க" என்றாள்.
பதினோரு வருஷ வசூலில்
அந்தச் சொல்லை எண்ணி வைத்திருக்கிறேன்,
இரண்டு கை விரல்களைத் தாண்டாது.

"காசு இல்ல சார், உங்களுக்கே தெரியும்.
வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க."
நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருந்த
பள்ளிக்கூட யூனிஃபார்மை எடுத்துத்
தன் தோளில் போட்டுக்கொண்டாள்.
சொம்பில் மோர். பெருங்காயம் தூக்கல்.
குடித்தேன்.
குடித்த வாயால் எப்படி அதட்டுவதென்று
கம்பெனிப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை.
ஆனாலும் தேதி கேட்டேன்.
இருபத்தெட்டு என்றாள்.
குறித்துக்கொண்டேன்.
அவளும் நம்பவில்லை, நானும்தான்.

வெளியே வந்தால்
பொன்னை உருக்குகிற புரட்டாசி வெயிலில்
என் பைக் சீட்டின் மேல்
ஈரச் சாக்கு ஒன்று கிடந்தது.
யார் போட்டது என்று கேட்கவில்லை.
நன்றி என்றும் சொல்லவில்லை,
பாக்கி கேட்கப் போன இடத்தில்
அது ஏனோ நாக்கில் எழும்பவில்லை.
உட்கார்ந்தேன்.
பேன்ட் நனைந்தது. சுடவில்லை.
மூலக்கடை சிக்னல் வரைக்கும்
அந்தக் குளிர்ச்சி என்னோடு கூடவே வந்தது.
பக்கத்து வண்டிக்காரர்
என் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.

பெரவள்ளூர், இரண்டாவது மாடி, வாடகை.
திலகா மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் நின்று
"தண்ணி வந்தாச்சு" என்றாள்,
துபாயிலிருந்து அவள் அண்ணன்
பெட்டியோடு வந்து இறங்கிவிட்டது மாதிரி.
எத்தனை வருஷமாய் இப்படிச் சொல்கிறாளோ,
இன்றுதான் காதில் விழுந்தது.
மத்தியானம் போன கரண்ட் வந்தாச்சு.
டியூஷன் முடிந்து பாப்பா வந்தாச்சு,
ஒரு செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு.
கடல்காற்றுகூட வந்ததாம், நாலரைக்கு.
எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள்
அதில் உப்பு தீர்ந்துபோயிருக்கும்,
லோகோ ஒர்க்ஸ் இரும்பு வாசனைதான் மிச்சம்.
இருந்தாலும் வந்தது.
இதற்கெல்லாம் யாருக்கும் நான் ரசீது கிழிக்கவில்லை.

போதும் என்ற மனம் பொன் செய்யுமாம்.
எங்கள் மேனேஜர் அறைச் சுவரில் தொங்குகிறது,
டார்கெட் சார்ட்டுக்குப் பக்கத்தில்.
எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.
காலாண்டு ஃபீஸ் நிற்கிறது,
இன்சென்டிவ் பார்த்து மூன்று மாதம் ஆகிறது.
போதும் என்று சொன்னால் பொய்.
வந்தது என்று மட்டும் சொல்லலாம்,
அதில் பொய் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி நான் போவேன்.
போய்த்தான் ஆகவேண்டும்.
போய்த் தவணையும் கேட்பேன்.

ராத்திரி பைக்கைப் பூட்டும்போது பார்க்கிறேன்,
சாக்கு இன்னும் சீட்டிலேயே இருக்கிறது.
உட்கார்ந்தபடியே
கொண்டு வந்துவிட்டிருக்கிறேன்.
"யாருதுப்பா இது?" என்றாள் பாப்பா.
"கடன் வாங்கினது" என்றேன்.
கொடியில் அவள் யூனிஃபார்மை ஓரம் தள்ளி
இடம் பண்ணிக் கொடுத்தாள்.